கண்டி தந்த அறிஞர் மர்ஹூம் சித்தி லெப்பை

இலங்கை என்றதும் கோலாலம்பூர் வாசிகளான நமக்கு முதலில் நினைவுக்கு வருவது பிரிக்பீல்ட்ஸ்தான். ரயில்வே இலாகாவில் குமாஸ்தாக்களாகவும் நிலைய அதிபர்களாகவும் வேலை பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர்கள் அந்தப் பகுதியில் வீடு கட்டிக் குடியேறி, கோயிலும் சங்கமும் அமைத்து வாழ்ந்ததை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் அதே இலங்கையில், நம்மைப் போலவே தமிழ் பேசி, நம்மைப் போலவே கடைவீதியை நம்பிப் பிழைத்து, நம்மைப் போலவே ஐந்து வேளையும் தொழுது வருகின்ற இன்னொரு சமுதாயமும் உண்டு. சோனகர் என்று பெயர். அவர்களிடையே தோன்றிய ஒரு பெரியாரைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம்; ஆனால் அவர் எழுதியவற்றில் ஒன்றையாவது கையில் எடுத்துப் பார்த்தவர்கள் சொற்பமே.

அவர்தான் அறிஞர் முகம்மது காசிம் சித்தி லெப்பை அவர்கள். 1838-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ஆம் நாள் கண்டியில் பிறந்து, 1898-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 5-ஆம் நாள் காலமானார். விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்தது 1837-ல். அந்த அம்மையார் இறந்தது 1901-ல். ஆக, ஒரே ஆட்சியின் கீழேயே பிறந்து, வளர்ந்து, மறைந்தவர் இவர். அந்த அறுபது வருஷத்துக்குள் அவர் பார்த்த வேலைகளைக் கணக்கெடுத்தால் நமக்கு மலைப்பு உண்டாகும். வக்கீல், நீதவான், நகரசபை அங்கத்தவர், பத்திரிகாசிரியர், பள்ளிக்கூட ஸ்தாபகர், இலக்கண ஆசிரியர், பாடப்புத்தகக்காரர், கதாசிரியர், சரித்திரக்காரர், கடைசியில் தத்துவ ஞானி. இவற்றில் ஒன்றைச் சரியாகச் செய்யவே மனிதனுக்கு ஆயுள் போதாது என்பார்கள்.

கண்டி ராஜ்யம் ஆங்கிலேயர் வசமானது 1815-ல். சித்தி லெப்பை பிறந்தபோது அந்த வீழ்ச்சி நடந்து இருபத்துமூன்று வருஷங்களே ஆகியிருந்தன. அவருடைய முன்னோர் மேற்குக் கரையிலுள்ள அளுத்கமையைச் சேர்ந்தவர்கள். வியாபாரத்தின் பொருட்டு மலைநாட்டுக்கு ஏறியவர்கள். தகப்பனார் முகம்மது லெப்பை, இலங்கைச் சோனகரிலே முதன் முதலாகப் புறக்டர் தொழிலுக்கு வந்தவர்களில் ஒருவர். புறக்டர் என்பது அந்நாட்டில் ஒரு வகை வக்கீலுக்குப் பெயர். கடைக்கணக்கு எழுதத் தெரிந்தால் போதும் என்று பிள்ளைகளை எட்டு வயதிலேயே பட்டறைப் பெட்டியண்டை உட்கார வைத்த காலத்தில், மகனுக்குத் தமிழும் அரபும் மட்டுமன்றி ஆங்கிலமும் கற்பித்த வீடு அது.

மகனும் தகப்பனார் தொழிலையே மேற்கொண்டார். 1862-ல் கண்டி மாவட்ட நீதிமன்றத்திலும், 1864-ல் உயர் நீதிமன்றத்திலும் புறக்டராகப் பதிவு பெற்றார். கண்டி முனிசிபல் சபையில் அங்கத்துவம் வகித்தார். முனிசிபல் நீதவானாகவும் கடமை பார்த்தார். அன்றைய கண்டி பணம் புரண்ட ஊர். சுற்றிலும் கோப்பித் தோட்டங்கள். 1867-ல் கொழும்பிலிருந்து ரயில் வந்து சேர்ந்தது. தோட்டத்துக்கு அரிசியும் துணியும் வண்டி வண்டியாக ஏறின. காணி வழக்கு, கடன் வழக்கு, பாகப்பிரிவினை வழக்கு என்று புறக்டர் வீட்டுத் திண்ணை காலியாக இராது. அப்படியே நாற்பது வருஷம் உட்கார்ந்திருந்தால் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொத்து வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் தொழிலை விட்டு எழுந்தார்.

ஏன் எழுந்தார் என்பதை அறிய, அக்காலத்து நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும். ஆங்கிலப் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் பாதிரிமார் கையில் இருந்தன. பிள்ளையை அங்கே அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்ற அச்சம் வீட்டுக்கு வீடு இருந்தது. அந்த அச்சத்தைக் குறை சொல்ல முடியாது. பாதிரிமார் பள்ளிக்கூடம் நடத்தியதே அதற்காகத்தான். ஆனால் அஞ்சிய மற்றவர்கள் மாற்று வழி தேடினார்கள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848-லேயே சைவப் பிள்ளைகளுக்கெனப் பள்ளிக்கூடம் கண்டுவிட்டார். 1880-ல் இலங்கைக்கு வந்த கர்னல் ஆல்காட் என்ற அமெரிக்கர் பௌத்தப் பள்ளிக்கூடங்களுக்கு வழி செய்தார். வட இந்தியாவில் சர் செய்யது அகமது கான் 1875-ல் அலிகாரில் கல்விச்சாலை தொடங்கினார். இலங்கைச் சோனகர் மட்டும் அச்சத்தோடு நின்றுவிட்டார்கள். குர்ஆன் ஓதத் தெரியும், கணக்குப் போடத் தெரியும்; அரசாங்கம் அனுப்பும் ஒரு கடுதாசியைப் படிக்க அடுத்த தெருவுக்கு ஓடவேண்டும். நீதிமன்றத்தில் இருபது வருஷம் பழகியவருக்கு இதன் விலை என்னவென்று நன்றாகத் தெரியும். விளங்காத பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் காணியை இழந்தவர்களின் வழக்குகள் எந்தப் புறக்டரின் மேசைக்கும் வராமல் இராது.

முஸ்லிம் நேசன்

1882-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 21-ஆம் நாள் முஸ்லிம் நேசன் என்னும் வாராந்தப் பத்திரிகை வெளிவந்தது. இலங்கை முஸ்லிம்களின் பத்திரிகை வரலாறு அதிலிருந்தே தொடங்குகிறது என்று சொல்வது வழக்கம். தமக்கென ஓர் அச்சுக்கூடம் அமைத்து, தாமே எழுதி, தாமே சரிபார்த்து நடத்தினார். உலகச் செய்திகள், உள்ளூர் முறைப்பாடுகள், மார்க்க விளக்கம், கல்வியைப் பற்றிய கண்டிப்பான கட்டுரைகள் எல்லாம் அதில் வந்தன. கப்பல் தபாலில் தமிழகத்துக்கும், பினாங்கு, சிங்கப்பூர் முதலிய நம் பக்கத்துத் துறைமுகங்களுக்கும் அந்த இதழ் சென்றது.

அந்த நாளில் நம் பக்கம் எப்படியிருந்தது என்று ஒரு நிமிஷம் பார்ப்போம். 1880-ல்தான் சிலாங்கூரின் ஆங்கிலேய ரெசிடென்ட் தம் காரியாலயத்தைக் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றினார். 1881-ல் கோலாலம்பூர் நெருப்புக்கும் வெள்ளத்துக்கும் ஒருங்கே பலியாயிற்று. அத்தாப்புக் கூரைகளுக்குப் பதிலாகச் செங்கல் கட்டடம் வேண்டுமென்று உத்தரவாகி, சூளைகள் எழுந்த இடமே இன்றைய பிரிக்பீல்ட்ஸ். கிள்ளான் ரயில் பாதை திறந்தது 1886-ல். இங்கே சூளையில் செங்கல் வெந்துகொண்டிருந்த அதே வருஷங்களில், கண்டியில் ஒருவர் ஈய எழுத்துகளைக் கோத்துக்கொண்டிருந்தார்.

நீரிணைக் குடியேற்றங்களில் நம்மவர் சும்மா இருந்தார்கள் என்று எண்ணவேண்டாம். 1876-ல் சிங்கப்பூரில் ஜாவி பெரானாக்கான் என்ற பத்திரிகை தொடங்கியது. மலாய் மொழியின் முதல் செய்தித்தாள் அது. அதைத் தொடங்கியவர்கள் மலாய்த் தாய்மாருக்கும் இந்திய முஸ்லிம் தகப்பன்மாருக்கும் பிறந்த சமூகத்தார். 1887-ல் மகாராணியின் ஐம்பதாம் ஆண்டு விழாவையொட்டிச் சிங்கை நேசன் என்ற தமிழ் வாராந்தரியை மகுதூம் சாயபு என்பவர் வெளியிட்டார். பெயரைக் கவனித்தீர்களா? முஸ்லிம் நேசன், சிங்கை நேசன். நேசன் என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் தனி மரியாதை இருந்தது. சிங்கை நேசனும் 1890 வரையிலேதான் நடந்தது. தமிழ்ப் பத்திரிகை நடத்துவதென்றால் கடனுக்குச் சரக்குக் கொடுப்பது போன்றது என்பது வியாபாரிகளான நமக்குச் சொல்லாமலே விளங்கும். சரக்கு போய்விடும், சந்தா வராது.

முஸ்லிம் நேசன் தொடங்கிய சில வாரங்களில் ஒரு பெரிய சம்பவம் நிகழ்ந்தது. எகிப்து நாட்டில் ஆங்கிலேயர் ஆதிக்கத்தை எதிர்த்துப் போரிட்டு, 1882 செப்டம்பரில் தெல்லுல் கபீர் என்னுமிடத்தில் தோல்வியுற்ற அகமது உராபி பாஷா, தம் தோழர்கள் அறுவருடன் 1883 ஜனவரியில் நாடு கடத்தப்பட்டுக் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கினார். அவர்களில் ஒருவர் மகுமூது சாமி அல்பாரூதி; எகிப்தின் முன்னாள் பிரதம மந்திரி, அரபு மொழியின் பெருங்கவிஞர். அவரும் பின்னர் கண்டியிலே வாழ்ந்தார். அரசாங்கத்துக்குக் கைதிகள், கொழும்பு முஸ்லிம்களுக்கோ விருந்தாளிகள். சோனகர் துருக்கித் தொப்பி அணியும் வழக்கம் பரவியதே இவர்கள் வந்த பிறகுதான்.

சித்தி லெப்பைக்கு அரபு நன்றாகத் தெரியும். உராபி பாஷாவோடு நெருங்கிப் பழகினார். ஆங்கிலேய ராணியின் நீதிமன்றத்தில் கடமை செய்த ஒருவர், அந்த ராணியின் படையை எதிர்த்தவரோடு சிநேகம் கொண்டாடுவது அக்காலத்தில் எளிதான காரியமல்ல. ஆனால் சித்தி லெப்பையைப் புரட்சிக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆங்கிலேயரிடமிருந்து ஆங்கிலத்தையும் அச்சு யந்திரத்தையும் பெற்றுக்கொள்ளவேண்டும், அவர்களுக்கு அடிமை மனம் மட்டும் கூடாது என்பதே அவர் நடந்த பாதை. அந்தப் பாதையில் இரண்டு பக்கத்தாருமே கல்லெறிவார்கள்.

பள்ளிக்கூடமும் பணமும்

1884-ல் கொழும்பில் அல் மத்றஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யா என்ற பாடசாலை திறக்கப்பட்டது. மார்க்கக் கல்வியோடு ஆங்கிலமும் கற்பிக்கும் பாடசாலை. வருஷத்தைப் பாருங்கள். கோப்பிச் செடிகளை 1869 முதல் அரித்து வந்த இலைநோய், அந்தப் பயிரையே அழித்துவிட்ட காலம் அது. தோட்டங்களுக்கு முன்பணம் கொடுத்திருந்த ஓரியண்டல் பேங்க் என்ற பெரிய வங்கி அதே 1884 மே மாதத்தில் கதவை மூடிற்று. அதன் நோட்டுகளை மடியில் வைத்திருந்த கடைக்காரர்கள் கைகால் நடுங்கிப் போனார்கள். அப்படிப்பட்ட வருஷத்தில்தான் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கேட்டு ஒருவர் வியாபாரிகளின் வாசலில் நின்றார்.

அந்தப் பாடசாலை நிலைக்கவில்லை. ஆதரவு போதாமல் சில வருஷங்களில் தளர்ந்துவிட்டது. ஆனாலும் முயற்சி வீண்போகவில்லை. 1892-ல் உராபி பாஷாவின் ஆதரவோடு மருதானையில் மத்றஸதுஸ் ஸாஹிரா தொடங்கியது. அதுவே பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. இந்தப் பணியில் முன்னின்றவர் வாப்பிச்சி மரிக்கார் என்னும் கட்டட ஒப்பந்தக்காரர். 1877-ல் திறக்கப்பட்ட கொழும்பு மியூசியத்தைக் கட்டியவர் அவரே. வேலையை மெச்சிய தேசாதிபதி என்ன சன்மானம் வேண்டும் என்று கேட்க, வெள்ளிக்கிழமைகளில் மியூசியத்தை மூடி வைத்தால் போதும் என்று அவர் கேட்டதாகக் கொழும்பில் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியானாலும், எழுத்தாளரின் பேனாவும் ஒப்பந்தக்காரரின் பணப்பையும் சேர்ந்தபோதுதான் காரியம் நடந்தது. பேனா மட்டும் இருந்த 1884-ல் நடக்கவில்லை.

பெண்பிள்ளைகளையும் அவர் மறக்கவில்லை. கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலை தொடங்கினார். அதற்கு அவருடைய சகோதரி துணை நின்றார். ஆண்பிள்ளைக்கே ஆங்கிலம் எதற்கு என்று கேட்ட காலம். பெண்பிள்ளைக்கு எழுத்தே எதற்கு என்று கேட்கமாட்டார்களா? கேட்டார்கள். தெருவில் நிற்க வைத்துக் கேட்டார்கள்.

பாடசாலை திறந்தால் பாடப்புத்தகம் வேண்டும். முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஏற்ற தமிழ்ப் பாடப்புத்தகம் கடையில் கிடைக்காது. ஆகவே அதையும் தாமே எழுதினார். ஆரம்ப வகுப்புகளுக்கான தமிழ் வாசகங்கள், தொழுகையின் சட்டங்களை விளக்கும் நூல், அரபு இலக்கணம் கற்பிக்கும் ஹிதாயத்துல் காஸிமிய்யா முதலியவை இப்படிப் பிறந்தவை. இவற்றை யாரும் இலக்கியம் என்று போற்றுவதில்லை. ஆனால் பெரிய மனிதர் ஒருவர், நீதவானாக இருந்தவர், ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழுத்தைக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுக்க உட்காருவது சாதாரணமல்ல. எனக்கு அவருடைய மற்ற நூல்களைவிட இதுவே பெரிதாகப் படுகிறது.

அஸன்பேயுடைய கதை

1885-ல் அஸன்பேயுடைய கதை வெளிவந்தது. அன்று அதை வாங்கியவர்கள் அதன் முக்கியத்துவத்தை அறிந்திருக்க மாட்டார்கள். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் அச்சேறியது 1879-ல். தமிழில் அதுதான் முதல் நாவல் என்பது பொதுவான கொள்கை. அதற்கு ஆறு வருஷம் கழித்து வந்த அஸன்பேயுடைய கதையே இரண்டாவது என்று பலரும் கணிக்கிறார்கள். இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவலும் அதுவே. திருக்கோணமலையில் எழுதப்பட்ட ஊசோன் பாலந்தை கதை 1891-லும், மோகனாங்கி 1895-லும்தான் வந்தன. தமிழகத்தில் ராஜமய்யரின் கமலாம்பாள் சரித்திரம் புத்தகமானது 1896-ல்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. வேதநாயகம் பிள்ளை மாவட்ட முன்சீப்பாக இருந்தவர். சித்தி லெப்பை புறக்டரும் நீதவானும். தமிழ் நாவலைப் பெற்றெடுத்தவர்கள் இருவரும் கோர்ட்டில் உட்கார்ந்து பிறர் கதை கேட்டவர்கள்! ஒருவர் கிறிஸ்தவர், ஒருவர் முஸ்லிம். புலவர்கள் அந்தாதியும் கலம்பகமும் பாடிக்கொண்டிருந்தபோது, சாட்சிகளின் வாக்குமூலத்தைக் காது கொடுத்துக் கேட்டவர்களுக்கே வசனத்தில் கதை சொல்லும் துணிவு வந்தது போலும்.

கதையின் போக்கு இதுதான். எகிப்தில் காயிரோ நகரத்தில் பெரிய குடும்பமொன்றில் பிறந்த ஆண்குழந்தை திருடப்படுகிறது. அக்குழந்தை பம்பாயில் பிறர் வீட்டில் வளர்கிறான். வாலிபம் வருமுன்னரே அங்கிருந்து தப்பிக் கல்கத்தாவுக்குப் போய், நல்லோர் உதவியால் கல்வி பெறுகிறான். எத்தனையோ இடையூறுகளுக்கும் சூழ்ச்சிகளுக்கும் தப்பி, கடைசியில் தாய் தகப்பனைக் கண்டு சேர்கிறான். பே என்ற பட்டமும் பெறுகிறான். பே என்பது துருக்கியிலும் எகிப்திலும் கண்ணியமானவர்களுக்கு வழங்கும் விருது. அஸன் என்ற பையன் அஸன்பே ஆகும் வரலாறுதான் நூலின் தலைப்பு.

கதையின் கட்டுக்கோப்பை இன்றைய கண்ணால் பார்த்தால் குறை சொல்லலாம். தற்செயல் நிகழ்ச்சிகள் மிகுதி. நல்லவன் முழுக்க நல்லவன், கெட்டவன் முழுக்கக் கெட்டவன். இடையிடையே ஆசிரியர் நின்று புத்தி சொல்கிறார். ஆனால் கப்பல் ஏறிப் பிழைக்க வந்த நமக்கு அந்தக் கதையின் ஜீவன் எளிதில் பிடிபடும். சொந்த பந்தம் அறியாத துறைமுகத்தில் தனியாக நிற்கும் பையன், யாரை நம்புவது என்று தெரியாமல் தவிப்பது, படிப்பும் நாணயமும் தவிர வேறு முதல் இல்லாதது, ஊரில் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களோ என்ற ஏக்கம் — கிள்ளான் துறைமுகத்தில் தகரப்பெட்டியோடு வந்திறங்கி, மாமன் கடையில் பாய் விரித்துப் படுத்துத் தொழில் கற்றவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இதைப் படிக்கும்போது கற்பனைக் கதை என்று சும்மா இருந்துவிட முடியாது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கதை இலங்கையில் நிகழவில்லை; தமிழ்நாட்டிலும் இல்லை. காயிரோ, பம்பாய், கல்கத்தா. சூயஸ் கால்வாய் 1869-ல் திறந்தபின் கப்பல் பாதையே மாறி, கொழும்பு கீழ்த்திசையின் நாற்சந்தியாயிற்று. அதன் பெரிய அலைதடுப்புச் சுவர் கட்டி முடிந்ததும் அதே 1885-ல்தான். உராபி பாஷா வந்து இரண்டு வருஷம். எகிப்தைப் பற்றிக் கொழும்பிலும் கண்டியிலும் பேசாத வாயில்லை. அந்தச் சமயத்தில் எகிப்தியப் பையனைக் கதாநாயகனாக்கியது தற்செயலாகாது என்றே நினைக்கிறேன்.

அதே 1885-ல் வேறொரு விவகாரம் தலைதூக்கிற்று. சட்டநிரூபண சபையில் தமிழ்ப் பிரதிநிதியாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் என்போர் இனத்தால் தமிழரே, மதத்தால் மட்டுமே முஸ்லிம்கள் என்ற கருத்தை வெளியிட்டார். பின் 1888-ல் ராயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் அதையே ஆராய்ச்சிக் கட்டுரையாகப் படித்தார். இது வெறும் புலமை விவகாரமாக இருந்திருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். சபையில் முஸ்லிம்களுக்குத் தனி இடம் கொடுப்பதா, தமிழ்ப் பிரதிநிதியே இரு சாராருக்கும் பேசுவது போதுமா என்ற கேள்வி இதில் அடங்கியிருந்தது. சித்தி லெப்பை முஸ்லிம் நேசனில் இக்கருத்தை எதிர்த்து எழுதினார். சோனகரின் தனி வரலாற்றை நிலைநாட்ட முயன்றார். 1889-ல் அரசாங்கம் சபையைத் திருத்தி முஸ்லிம்களுக்கென ஓர் இடம் ஒதுக்கியது, எம். சி. அப்துல் ரஹ்மான் அதில் முதலாவதாக அமர்ந்தார்.

இதைப் படிக்கும் நமக்கு ஒரு மெல்லிய சிரிப்பு வராமல் போகாது. நாங்கள் தமிழரல்லர் என்ற வாதத்தை அவர் எந்த மொழியில் எழுதினார்? நல்ல தமிழில். அதைப் படித்து ஆமாம் என்று தலையசைத்தவர்களுக்கும் வீட்டுமொழி தமிழே. ஆனால் இதை முரண்பாடு என்று எள்ளி நகையாடுவது நியாயமாகாது. பேசும் மொழி ஒன்று, தொழும் திசை ஒன்று, அரசாங்கம் பதிவேட்டில் எழுதும் பெயர் ஒன்று என்று மூன்றுக்கும் நடுவில் நிற்பது எப்படி என்பது மலேசியாவில் நம் வீடுகளிலும் தெரிந்த சங்கதிதான். இராமநாதனுக்குச் சான்றுகள் இருந்தன. சித்தி லெப்பைக்குக் காரணங்கள் இருந்தன. மொழியையும் விடாமல் தனிப்பெயரையும் விடாமல் இருந்தார் அவர். அந்த வழக்கு இன்றளவும் அங்கே தீர்ந்தபாடில்லை.

கடைசி ஆண்டுகள்

1892-ல் ஞானதீபம் என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். செய்திகளை விட்டு, உள்ளத்தைப் பற்றியும் சிருஷ்டியைப் பற்றியும் சிந்திக்கும் பக்கம் அவர் மனம் திரும்பிவிட்டதை அந்தப் பெயரே காட்டுகிறது. சூபி ஞானிகளின் வழியில் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு உண்டு. அதன் முடிவாக 1897-ல் அஸ்றாறுல் ஆலம் என்ற நூல் வெளிவந்தது. உலகத்தின் இரகசியங்கள் என்று பொருள். மார்க்க ஞானத்தையும் அக்காலத்து விஞ்ஞானச் செய்திகளையும் ஒருங்கே வைத்து எண்ணிப்பார்க்கும் நூல்.

அந்த நூலுக்குக் கிடைத்த வரவேற்பு வருந்தத்தக்கது. அதில் சொல்லியிருப்பவை மார்க்கத்துக்கு மாறானவை என்று உலமாக்களில் ஒரு சாரார் கண்டனம் செய்தார்கள். சமுதாயத்துக்காகத் தொழிலை விட்டு, சேர்த்த பொருளைப் பத்திரிகையிலும் பள்ளிக்கூடத்திலும் போட்டுவிட்டு, அறுபதை நெருங்கி நிற்கும் ஒருவர் மீது அந்தச் சமுதாயத்திலிருந்தே இந்தப் பழி விழுந்தது. கண்டித்தவர்கள் அனைவரும் கெட்ட எண்ணத்தால் செய்தார்கள் என்று கூறமாட்டேன். சூபி நூல்களில் சொல் ஒரு பக்கமும் பொருள் மறுபக்கமுமாக இருப்பதுண்டு. பழக்கமில்லாதவர்கள் தடுமாறுவது இயல்பு. என்றாலும், பள்ளிக்கூடம் கட்டியபோது கூடவே வந்து கல் சுமக்காதவர்கள், புத்தகம் வெளிவந்தபோது மட்டும் கல்லெடுத்து வந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

அவர் கை ஓயவில்லை. 1897-ல் துருக்கிக்கும் கிரேக்கத்துக்கும் சில வாரங்கள் யுத்தம் நடந்து, துருக்கி வெற்றி கண்டது. அந்த யுத்தத்தின் சரித்திரத்தையும் தமிழில் எழுதினார். ஒரு கையில் சிருஷ்டியின் இரகசியம், மறு கையில் யுத்தச் செய்தி! முன்னரே அபூநுவாஸின் கதையை அரபிலிருந்து தமிழில் தந்திருந்தார். அது சிரிப்புக் கதை. இலங்கைச் சோனகர் சரித்திரமும் எழுதினார். தந்தி மூலமாக வெள்ளைக்காரப் பத்திரிகைகள் கொடுப்பது மட்டுமே செய்தி என்றிருந்த நாளில், நம் மக்கள் நம் மொழியில் உலக விவகாரங்களை அறியவேண்டும் என்ற தாகம் அவருக்குக் கடைசி வரை தணியவில்லை.

அவர் காலத்திலேயே நாகூரில் குலாம் காதிறு நாவலர் வாழ்ந்தார். 1833 முதல் 1908 வரை இருந்தவர். காப்பியமும் கலம்பகமும் பாடியவர். ஓர் ஆங்கில நாவலையும் உமறு பாஷா யுத்த சரித்திரம் என்று தமிழில் தந்தவர். பினாங்குக்கு வந்து வித்தியா விசாரிணி என்ற பத்திரிகைக்கு ஆசிரியராகவும் இருந்தவர். நாவலர் செய்யுளில் மன்னர். சித்தி லெப்பைக்குச் செய்யுளில் நாட்டமில்லை. கணக்குப்பிள்ளைக்கும் கடைப்பையனுக்கும் விளங்கவேண்டும் என்பதற்காக வசனத்தையே பிடித்துக்கொண்டார். அரபுச் சொல்லும் கண்டி வழக்கும் ஆங்கில நீதிமன்றச் சொல்லும் கலந்த அவருடைய நடை, பண்டிதர்களுக்குப் பிடிக்காமல் போயிருக்கலாம். கடைவீதியில் பேசுகிறவர்களுக்கு அது அந்நியமாக இராது.

1898 பிப்ரவரியில் அவர் காலமானபோது, அவர் கனவு கண்டவற்றில் முக்கால்வாசி நிறைவேறாமல்தான் இருந்தது. ஸாஹிரா அப்போது சிறிய பாடசாலை, 1921-ல் டி. பி. ஜாயா அதிபராக வந்த பின்னரே அது பெரிய கல்லூரியாகத் தழைத்தது. உராபி பாஷா 1901-ல் தாயகம் திரும்பினார். 1907-ல் இராமநாதனின் கட்டுரைக்கு ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் புத்தக வடிவில் மறுப்பு வெளியிட்டார். சித்தி லெப்பை தொடங்கிய விவாதத்தைத் தொடர்ந்து நடத்தியவர் அவர். 1977-ல் இலங்கை அரசாங்கம் சித்தி லெப்பையின் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது.

அஸன்பேயுடைய கதை பின்னாளில் மறுபதிப்புகள் கண்டு நூலகங்களில் கிடைக்கிறது. தமிழ் நாவல் வரலாறு எழுதுகிறவர்கள் இன்று அதைத் தாண்டிப் போவதில்லை. சிங்கை நேசன் இதழ்கள் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் சேகரத்தில் இருக்கின்றன. விரும்புகிறவர்கள் பார்க்கலாம், அந்த நாளைய அரிசி விலையும் கப்பல் வரவும்கூட அதில் உண்டு. பாடப்புத்தகங்களின் கதி வேறு. பிள்ளைகள் கையில் கிழியவே அவை அச்சிடப்பட்டன, கிழிந்தும் போயின.